எரிந்தால்தான் குணமாகுமா?



எரிச்சல் தராத மருந்தை நம் கரிசல் சீமையில் எவரும் எளிதில் நம்புவதில்லை. காயத்தில் தடவும் டிங்சர் சுரீரென்று பிடிக்க வேண்டும்; கண்ணில் விடும் சொட்டு மருந்து நீரை வழியச் செய்ய வேண்டும்; குடிக்கும் கஷாயம் முகத்தைச் சுளிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறது என்று மனம் நிறைகிறது. பல நோய்களில் இந்த எண்ணத்தால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. தோல் நோய்களுக்கு ஒளியைக் கொண்டு செய்யும் சிகிச்சையிலோ இதே எண்ணம் மனிதரைச் சுட்டுவிடுகிறது. இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நம் பங்குகளில் வெண்புள்ளி உள்ளவர்கள் இருக்கிறார்கள். சொரியாசிஸ் எனப்படும் செதில் படையால் அவதியுறுவோரும் இருக்கிறார்கள். இவர்களுள் சிலர் நகரத்து மருத்துவமனைக்குச் சென்று "லைட் வைத்து" வருகிறார்கள். வாரம் இருமுறை, மும்முறை பஸ் ஏறிப் போய்வர இயலாத மற்றவர்கள், மருத்துவர் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டு முற்றத்தில் வெயில் காய்கிறார்கள். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை அன்றோ!

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னைக் காண வந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது. கழுத்திலும் முழங்கையிலும் வெண்புள்ளி. மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் வெயில் காட்டுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அவசரம் வீட்டில். பத்து நிமிடம் நின்றதில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே முக்கால் மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். அன்று மாலையும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கழுத்து முழுவதும் சிவந்து, கொப்புளம் எழும்பிவிட்டது. அந்தப் பெண் இரவெல்லாம் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். "டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். அந்தத் தாய் சொன்ன பதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. "எரியுதுன்னு சொன்னா மருந்தை நிப்பாட்டிருவாங்கல்லா சாமி? எரிஞ்சாத்தான குணமாகும், பொறுத்துக்கோன்னு நாந்தான் சொன்னேன்."

மேலே செல்லுமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். இந்நோயை "வெண்குட்டம்" என்று அழைக்கும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் போகவில்லை. தொழுநோய்க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது தொற்றாது, தொட்டாலும், சேர்ந்து உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் பரவாது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிந்துபோவதே இதன் தன்மை. உடலின் பாதுகாப்புப் படையே அந்த அணுக்களைத் தவறாகத் தாக்கிவிடுவதால் இது நேர்கிறது. பெயரில் உள்ள அச்சமே பல பெற்றோரை அவசரப்பட வைக்கிறது. அந்த அவசரம் பிள்ளையின் தோலைச் சுடுகிறது. ஆகவே "வெண்புள்ளி" என்றே சொல்லப் பழகுவோம்.

வெயிலும் மருந்தும் சேர்ந்த இந்தச் சிகிச்சை நேற்று வந்ததன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்ற கறுப்பு விதையைக் காணலாம். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசும் வழக்கம் பழங்காலந்தொட்டு வருகிறது. எகிப்து நாட்டில் நைல் நதியோரம் முளைக்கும் வேறொரு செடியின் விதையை அந்நாட்டார் இவ்வாறே பயன்படுத்தி வந்தனர். இரண்டிலும் இருக்கும் சத்து ஒரே இனத்தது: சொராலென். 1940களில் கெய்ரோ நகரத்து விஞ்ஞானிகள் அந்தச் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். அங்குள்ள மருத்துவர் எல் மோஃப்டி என்பவர் அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சொராலென் மாத்திரையோடு விளக்கொளியைச் சேர்த்துச் சொரியாசிஸ் நோய்க்கு அளிக்கும் முறை வெளியிடப்பட்டது. அதை வெளியிட்ட குழுவில் மதுகர் பாதக் என்ற இந்தியரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. விளக்குக்குப் பதிலாகச் சூரியனையே பயன்படுத்தும் முறை நம் நாட்டில் பரவலாயிற்று. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், நினைத்த இடத்தில் செய்யலாம். நல்ல முறைதான். ஆனால் விளக்குக்குப் பொத்தான் உண்டு, சூரியனுக்கு இல்லை.

சொராலென் உடலில் சேர்ந்தபின் தோலுக்கு ஒளியைத் தாங்கும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடுகிறது. அந்த மருந்து அணுக்களின் உட்பொருளோடு போய் ஒட்டி நிற்கிறது; புற ஊதாக் கதிர் பட்டவுடன் அங்கே பிணைந்துகொள்கிறது. சரியான அளவில் இது நடந்தால், மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் நிற அணுக்கள் விழித்தெழுந்து மேலே வருகின்றன. வெள்ளைத் திட்டின் நடுவே கடுகு தூவினாற்போலச் சிறு கரும்புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். அளவு மிஞ்சினால் அதே வினை தோலைப் பொசுக்குகிறது.

பொசுக்குவது உடனே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. அடுப்பில் கை பட்டால் அக்கணமே இழுத்துக்கொள்கிறோம். சொராலென் சூட்டுப்புண் அப்படியன்று. ஒரு நாள் கழிந்தபின் மெல்லத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடைகிறது. வெயிலில் நிற்கும்போது "ஒன்றும் செய்யவில்லையே" என்று தோன்றுவதற்குப் பொருள் ஏதுமில்லை. தொடர்ந்து இரு நாட்கள் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மருத்துவர்கள் விதிப்பதும் இதனால்தான். முந்தின வெயிலின் கணக்கே இன்னும் முடியாதபோது அடுத்ததைச் சேர்த்துவிடக் கூடாது. ஆதலின் வெயிலில் நிற்பவருக்கு வழிகாட்டி கடிகாரம் ஒன்றே. ஐந்து நிமிடமென்றால் ஐந்து. அதைக் கூட்டுவது மருத்துவரின் வேலை.

எரிந்தால் விரைவில் குணமாகும் என்பதும் தவறே. அது வெறும் தவறு மட்டுமன்று, உண்மைக்கு நேர் எதிரானது. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் ஒரு பொல்லாத குணம் உண்டு: தோலில் காயம் பட்ட இடத்தில் அவை புதிதாக முளைக்கும். கீறல், உராய்வு, தீக்காயம், வெயில் கொப்புளம் எல்லாம் இதில் அடங்கும். கெப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு சொன்னார். இன்றும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. திட்டைப் போக்குவதற்காகத் தோலை எரிப்பவர் புதிய திட்டுக்கு விதை போடுகிறார். அந்தத் தாய்க்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

குணமாக்கும் ஒளி வேறு, சுடுகின்ற ஒளி வேறு என்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே அறிந்தது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் இவ்வழியில் முன்னோடி. 1860இல் ஃபாரோ தீவில் பிறந்த இவர் இளமை முதலே நோயாளி. சூரிய ஒளியின் ஆற்றலை ஆராய்ந்த இவர், 1896இல் கோபன்ஹேகன் நகரில் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார். அக்காலத்தில் முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய் அங்கே மிகுதி; மூக்கும் கன்னமும் சிதைந்தவர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சி வாழ்ந்தனர். மின்சார வில்விளக்கின் ஒளியைப் படிகக் கண்ணாடிகள் வழியே குவித்து அவர்களுடைய முகத்தில் பாய்ச்சினார் ஃபின்சன். ஆனால் ஒளியோடு வெப்பமும் வந்து சுடுமே! அதற்காக நீரை இடையே நிறுத்தி வெப்பத்தை வடித்தார்; நீரால் குளிர்வித்த படிகக் கண்ணாடியைத் தாதி ஒருவர் நோயாளியின் தோல்மேல் அழுத்திப் பிடித்திருப்பார். சுடாமல் குணமாக்க முடியும் என்பதை இவ்வாறு அவர் மெய்ப்பித்தார். 1903இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்று, மறு ஆண்டே நாற்பத்து மூன்று வயதில் மறைந்தார்.

இன்னும் தெளிவான சான்று 1981இல் வந்தது. பாரிஷ், யானிக்கே என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புற ஊதாக் கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்துச் சொரியாசிஸ் திட்டுகளின்மேல் பாய்ச்சிப் பார்த்தனர். 290 நானோமீட்டரும் அதற்குக் குறைந்தனவுமான கதிர்கள் தோலை நன்றாகச் சிவக்க வைத்தன. ஆனால் நோயைத் தொடவே இல்லை, எவ்வளவு கூட்டினாலும் தொடவில்லை. 300 முதல் 313 வரையிலான கதிர்களோ நோயை ஆற்றின. எரிப்பது ஒன்று, ஆற்றுவது மற்றொன்று என்று இதைவிடத் துலக்கமாக யாரால் காட்ட முடியும்? இதன் பயனாக 311 நானோமீட்டர் அளவில் மட்டும் ஒளிவிடும் குழல் விளக்குகள் செய்யப்பட்டன. 1997இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் அவை வெண்புள்ளிக்கும் பயன்படுவதை வெளியிட்டனர். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளின் தோல் பிரிவில், அலமாரி போன்ற பெட்டியில் நிற்க வைத்துக் கொடுக்கும் "லைட்" பெரும்பாலும் இதுதான். இதற்கு மாத்திரை வேண்டாம். குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும்கூட மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள்.

அப்பெட்டிக்குள் நிற்கும்போது வலி இராது. இளஞ்சூடு மட்டுமே தெரியும். சில வினாடிகளில் தொடங்கிச் சில நிமிடங்கள்வரை நேரம் கூட்டப்படும். வெள்ளைத் திட்டுகள் லேசாக இளஞ்சிவப்பாவது எதிர்பார்த்ததே. மறுநாளைக்குள் அது மறைந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு மேல் சிவப்பு நின்றாலோ, தொட்டால் வலித்தாலோ, அடுத்த முறை பெட்டிக்குள் நுழையுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். ஒரு முறை தள்ளி வைப்பார்கள், அல்லது அளவைச் சற்றுக் குறைப்பார்கள், அவ்வளவே. சொல்லாமல் நுழைந்தால்தான் கொப்புளம் வந்து பல வாரங்கள் வீணாகும். அறுப்புக் காலமென்றோ, வீட்டில் துக்கமென்றோ ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் இருந்துவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். இடைவெளியில் தோல் தன் பழக்கத்தை இழந்துவிடும். பழைய அளவே இப்போது மிகுதியாகிவிடும். லைட் வைத்த நாளில் திரும்பி வந்து வயலில் வெயில் காயக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இக்கணக்கு இன்னும் கடுமையானது. மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையில் மாத்திரையைப் போட்டுப் பத்து நிமிடம் வெயில் காட்டிவிட்டு, பின்பு மாலைவரை புஞ்சையில் குனிந்து நின்றால், அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன பொருள்? மருந்தின் வேகம் அன்று முழுவதும் உடலில் இருக்கிறது. வேப்பமரத்தைத் தவிர நிழலில்லாத வெளியில் முதுகும் பிடரியும் வெந்துபோகும். கூலி வேலைக்குச் செல்வோர், விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுவோர், வேம்பார்க் கரையிலிருந்து கடலுக்குச் செல்வோர் ஆகியோர் தங்கள் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு முறையோ வேறு நாட்களோ வகுத்துத் தருவார். மருத்துவரின் அறையில் "வீட்டில்தான் சாமி இருக்கிறேன்" என்று கௌரவத்துக்காகச் சொல்லும் ஒரு சொல், பிறகு முதுகில் கொப்புளமாக எழும்.

நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு நண்பகல் வெயிலில் உட்காருவது மிகவும் அபாயம். மருந்துக் கடைச் சொராலெனைக்கூட மேலே பூசுவதற்கு மருத்துவர்கள் மிகவும் நீர்க்கச் செய்தே தருகிறார்கள். அப்படியும் சில வேளை கொப்புளித்துவிடுகிறது. அரைத்த விதையில் எவ்வளவு சத்து என்று அளப்பது யார்? எலுமிச்சைச் சாற்றிலும் இதே இனத்துச் சத்து உண்டு. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்லாதீர்கள். வேறு நோய்களுக்கு உண்ணும் சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு இளகச் செய்யும். நீங்கள் உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவதே நலம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் சூட்டுப்புண் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை. தூய குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைக் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். நாளில் பலமுறை செய்யலாம். பனிக்கட்டியை நேரே வைக்காதீர்கள். பின்பு மணமூட்டாத வாசலைன் மெல்லியதாகத் தடவலாம். உராயாத தளர்ந்த உடை போதும். வலிக்குப் பாரசிட்டமால் போன்ற மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் உண்ணலாம். அதற்குமேல் தேவைப்படும் களிம்பை அவரே தருவார். கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு ஆகியவற்றை நம் வீடுகளில் எப்போது விடப் போகிறோமோ தெரியவில்லை! இட்லி மாவு குளிர்ச்சி என்பது மெய்யே. குளிர்ந்த நீரும் குளிர்ச்சிதான், அதில் புளிப்பும் இல்லை, கிருமியும் பெருகாது. உடலில் பெரும் பகுதி சிவந்து, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

இன்னொரு வகை வலியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. சொராலென் சிகிச்சை சில வாரங்கள் நடந்தபின், மிகச் சிலருக்குத் தோலுக்கு அடியில் ஊசி குத்துவது போன்ற, தணல் வைத்தது போன்ற வேதனை எழும். தோலைப் பார்த்தால் சிவப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. அரிப்புக்கான மாத்திரை கேட்காது. வீட்டார், "இவள் வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாள்" என்பார்கள். இது மருத்துவ நூல்களில் எழுதப்பட்ட மெய்யான வலி. நரம்புகளிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது. சிகிச்சையை நிறுத்தினால் அது மெல்ல மறையும். பார்வைக்குத் தெரியாத வலியைப் பொய் என்று தள்ளிவிடாமல் நம்பி அழைத்துச் செல்லும் ஒரு கணவரோ, மாமியாரோ அந்நேரத்தில் பெரிய மருந்து.

வலியைச் சொல்லாமல் மறைப்பதற்குப் பக்தியும் சில வேளை காரணமாகிறது. அதனால் குருவாகிய நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "ஆண்டவர் பட்ட பாடுகளுக்கு முன் இது எம்மாத்திரம்" என்று தவக்காலத்தில் வலி மாத்திரையைத் தள்ளி வைத்த மூதாட்டியை நான் அறிவேன். அவருடைய அன்பை மதிக்கிறேன். ஆனால் திருச்சபை அவ்வாறு கட்டளையிடவில்லை. 1957 பெப்ருவரி 24 அன்று, இத்தாலிய மயக்க மருந்து மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விடையளித்தார். உடல் வலியை எப்போதும் தாங்கியே தீரவேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை, வலி தீர்க்கும் மருந்தை ஏற்பது முறையானதே என்பது அதன் சாரம். துன்பத்தின் பொருளைக் குறித்து 1984இல் திருமடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியனையே நம்முன் நிறுத்துகிறார். அவன் காயம்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தவிர்க்க முடியாத வலியை ஒப்புக்கொடுப்பது வேறு. ஈரத் துணியால் தணியக்கூடிய வலியைப் பிள்ளையின்மேல் சுமத்துவது வேறு. இதில் பெற்றோர் குழம்பக் கூடாது.

குழந்தைகளுக்கு வலியைவிட அச்சமே பெரிது. கறுப்புக் கண்ணாடி மாட்டி, கதவை மூடிய பெட்டிக்குள் தனியே நிற்பது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சிறிய காரியமா? முதல் நாள் விளக்கை ஏற்றாமலே உள்ளே சென்று நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். வெளியே நின்று தாய் கதை சொல்லட்டும், அல்லது இருவரும் சேர்ந்து ஒன்று இரண்டு எண்ணட்டும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சூடாக இருக்கும், எரிந்தால் உடனே கூப்பிடு, திறந்துவிடுவார்கள்" என்பதே உண்மை. உண்மையைக் கேட்ட பிள்ளை இரண்டாம் முறையும் வரும்.

லேசர் பற்றியும் கேட்கிறார்கள். பிறவியிலேயே முகத்தில் படர்ந்த செந்திட்டுகளுக்கும், பெண்களின் முகத்து மயிரை நீக்குவதற்கும் அது பயன்படுகிறது. இங்கே ஒளி நொடிக்கும் குறைந்த நேரத்தில் பாய்வதால், ரப்பர் வளையத்தைச் சுண்டிவிட்டாற்போல ஒவ்வொரு முறையும் சுரீரென்னும். குளிர்ந்த காற்றாலோ, குளிர் தெளிப்பாலோ, குளிர்ந்த கண்ணாடியாலோ தோலை அவ்வப்போது குளிர்விப்பார்கள். வலியும் குறையும், மேல்தோலும் காக்கப்படும். மரக்கச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவுவதும் உண்டு. ஆனால் "களிம்புதானே" என்று கால் முழுவதும் பூசி மேலே தாள் சுற்றிவிடக் கூடாது. அக்களிம்பு மிகுதியாக உடலில் ஊறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். அமெரிக்காவில் இவ்வாறு இளம்பெண்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தோலின் நிறமே லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்; அளவு தவறினால் வேகும். முற்றிலும் மரத்துப்போன தோலால் அதைச் சொல்ல இயலாது. ஆகவே தோல் மருத்துவர் அருகிராத அழகு நிலையங்களில் லேசருக்குத் தலை நீட்டுவதை நான் விரும்பவில்லை.

மேலை நாடுகளில் வெயிலால் வரும் புற்றுநோயின் தொடக்க நிலைக்கு மற்றொரு ஒளிச் சிகிச்சை செய்கிறார்கள். ஒரு களிம்பைத் தடவி, சில மணி நேரம் ஊறவிட்டு, சிவப்பு விளக்கைக் காட்டுவார்கள். ஒளிச் சிகிச்சைகள் எல்லாவற்றிலும் வலி மிகுந்தது இதுவே எனலாம். முதல் சில நிமிடங்களிலேயே வேதனை உச்சத்துக்குப் போகும். விசிறி, குளிர்காற்று, நீர்த் தெளிப்பு, இடையிடையே விளக்கை நிறுத்துதல், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி என்று பலவும் செய்து பார்த்தனர். இறுதியில் ஃபின்சனின் அதே கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர்கள் எளிய வழியொன்றைக் கண்டு 2008இல் வெளியிட்டனர். களிம்பைத் தடவியபின் நோயாளியை அதிக நேரம் காக்க வைக்காமல் வெளியே பகல் வெளிச்சத்துக்கு அனுப்பிவிட்டனர். மருந்து சிறிது சிறிதாக உண்டாக, பகலொளி அதைச் சிறிது சிறிதாகவே செலவழித்தது. பலன் விளக்கு தந்த அளவே இருந்தது. வலியோ ஏறக்குறைய இல்லை. வலியைத் தாங்கச் சொல்வதற்குப் பதிலாக, முறையையே மாற்ற முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கழுத்துப் புண் மூன்று வாரங்களில் ஆறியது. மருத்துவர் சினக்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு, வாரம் இருமுறை பெட்டி விளக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். நிறம் வர ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். விரல் நுனிகளும் உதடும் மிகத் தாமதிக்கும், சில வேளை இணங்கவே இணங்காது என்றும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் நோயின் பெயரை மறைக்காமல் சொல்லுமாறு நானும் அந்தப் பெற்றோரைக் கேட்டுக்கொண்டேன்.

கண்ணைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சொராலென் கண்மணியிலும் போய்த் தங்கும். மாத்திரை உண்ட நேரம் முதல் அன்று முழுவதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிந்தே வெளியே செல்ல வேண்டும். திருவிழாக் கடையில் விற்கும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. கறுப்பாக இருப்பதால் கண் பாவை அகன்று, கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். கண்ணாடிக் கடையில் கேட்டுச் சோதித்து வாங்குங்கள்.

திருவிழா என்றவுடன் நினைவுக்கு வருகிறது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 15 அன்று செல்வோர் சிலர், மாத்திரை நாளில் வெயிலில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாத்திரையை உண்ண வேண்டாம். அடுத்த முறைக்குரிய நாளில் உண்ணலாம். ஒரு வேளை தவறுவதால் சிகிச்சை கெட்டுவிடாது. குடையையும் எடுத்துச் செல்லுங்கள்.